மூத்தவள் ஏறிய படகு

பெரியவருக்கு இரண்டு மருமகள்கள். மூத்த மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இளையவள் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் அலுவலகத்தில் நாள் முழுக்கப் போனில் பேசுகிறவள். மூத்தவளுக்கு, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே குரல் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. இளையவளோ விமானம் ரத்தாகிவிட்டது என்ற செய்தியைக்கூட வெல்லம் தடவிச் சொல்லத் தெரிந்தவள். வீட்டில் இவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பெரியவளும் அவள் கணவனும் கீழே, சின்னவளும் அவள் கணவனும் மாடியில். ஓரகத்திகள் என்றால் அக்கம்பக்கத்தார் ஒரு சண்டையை எதிர்பார்ப்பார்கள். இவர்கள் பல வருஷங்களாக அவர்களை ஏமாற்றியே வந்தார்கள். பார்த்தால் சிரிப்பு, சமைத்தால் ஒரு கிண்ணம், காய்ச்சல் என்றால் மாற்றி மாற்றி விசாரிப்பு. அந்த ஒற்றுமைக்குத்தான் புத்தகத்தால் கேடு வந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற பொறியாளர். பாலம் கட்டியவர். மனைவி போனபிறகு கீழ்வீட்டின் பக்கவாட்டு அறையில் இருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் போகிற இடத்தில் பெரிய பெரிய பழைய நாவல்களாக வாங்கி, காக்கி அட்டை போட்டு அடுக்கி வைத்தார். உலகம் முழுக்க மேதைகள் எழுதித் தமிழுக்கு வந்தவை, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டவை. "கைகால் ஓயட்டும், உக்காந்து ஒரு கை பார்க்கறேன்" என்பார். கைகால் ஓய்ந்தது. கூடவே கண்ணும் ஓய்ந்தது. பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு விழுந்து, அது பரவி, ஓரங்கள் மட்டும் மிஞ்சின. வாசற்படி தெரியும், ஆள் வருவது தெரியும். எழுத்து மட்டும் தெரியாது.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னான்" என்று அவரே சிரித்துக்கொள்வார். ஆனால் ஒருநாள் டீ கொண்டுபோன பெரியவள், அவர் ஒரு தடித்த புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். போனில் புத்தகம் படித்துக்காட்டுகிற வசதி ஒன்றை மகன் வைத்துக் கொடுத்திருந்தான். அது அவருக்கு ஒத்துவரவில்லை. "செத்தவனுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே குரல்ல படிக்குதும்மா அது" என்றார்.

"நான் படிச்சுக் காட்டறேன் மாமா. டூட்டிக்குப் போறதுக்கு முன்னால கொஞ்சம் கொஞ்சமா."

இப்படிச் சொன்னது பெரியவள். முதலில் சொன்னது அவள்தான் என்பதை நாமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் மற்ற எல்லோரும் சீக்கிரமே மறந்துவிட்டார்கள்.

முதல் புத்தகம் பனி கொட்டும் ஒரு நாட்டுக் கதை. ஒரு பெரிய குடும்பம், வீடு நிறைய மாமன் மச்சான்கள், ஆளுக்கு மூன்று பெயர். பெரியவள் நாக்கு புரளாத பெயர்களோடு மல்லுக்கட்டி, குளித்த தலை காயுமுன் தினமும் சில பக்கங்களைக் கடந்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள். ஒரு எழுத்து விழுங்கவில்லை. முடிந்ததும் மாமனார், "சரிம்மா, நேரமாச்சு, கிளம்பு" என்பார். அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் சின்னவள் படியிறங்கி வந்தாள். "அக்கா, நானும் சாயங்காலத்துல கொஞ்சம் படிக்கறேனே. உங்களுக்கும் பாரம் குறையும்" என்றாள்.

பாரம் என்று யார் சொன்னது? பெரியவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. "அதுக்கென்ன, படியேன்" என்றாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது புகைச்சல்.

மாமனாரின் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சாயங்காலம் பெரியவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப்பக்கம் சின்னவளின் குரல் வளைந்து நெளிந்து ஓடும். கிழவனுக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல், களவாணிக்கு ஒரு மூக்குக் குரல். திடீரென்று மாமனார் சிரிப்பார். அந்த மனிதர் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிறகு இரண்டு பேரும் பேசுவார்கள். இவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் போயிருக்கலாமா கூடாதா என்று வாக்குவாதம் நடக்கும். பெரியவளிடம் அவர் ஒருநாளும் அவனைப்பற்றியோ அவளைப்பற்றியோ கேட்டதில்லை.

போதாக்குறைக்கு, பாகப்பிரிவினையிலும் அநியாயம். சின்னவள் விட்ட இடத்தில் பெரியவள் தொடங்க வேண்டும், பெரியவள் விட்ட இடத்தில் சின்னவள். எப்படித்தான் அமையுமோ, பெரியவள் பங்குக்கு வருவதெல்லாம் மழையும் மலையும். சின்னவள் பங்குக்குப் போவதெல்லாம் காதலும் கொலையும். ஒரு கதாநாயகி ஒரு புத்தகம் முழுக்கச் சாகாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பல வாரம் அவளுக்கு மருந்து கொடுத்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அவளோ சின்னவளின் கையில் போய் உயிரை விட்டாள். அன்று மாமனார் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அவ படிச்சா மட்டும் எல்லாம் நடக்குது" என்று பெரியவள் கணவனிடம் சொன்னாள்.

"எழுதினவன்கிட்டப் போய்ச் சண்டை போடு" என்றான் அவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே. "நாவல் படிக்கறதுக்கு அடிதடியா? வேணும்னா பாதிப் பாதிப் பக்கமாக் கிழிச்சுப் பிரிச்சுக்கங்க."

அவனுக்கு எல்லாம் விளையாட்டு. பெரியவளுக்கோ அடிவயிற்றில் ஒரு கங்கு உட்கார்ந்துகொண்டது. சின்னவள் கொண்டுவந்து கொடுத்த கிண்ணத்தில் உப்பு கூட என்று கண்டுபிடித்தாள். சின்னவள் புதிதாகத் தைத்த ரவிக்கை தோளில் தூக்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். சின்னவள் சில உச்சரிப்புகளை விழுங்குவதையும் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளையில் அடுத்த அத்தியாயங்களைத் தானே முன்கூட்டிப் படித்து ஒத்திகை பார்த்தாள். களவாணிக் குரல் ஒன்றைப் பழகிப் பார்த்தபோது இருட்டறையிலிருந்து வெளியே வந்த உதவியாளர், "சிஸ்டர், தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார்.

வருஷத்தின் பின்பாதியில் ஒரு தோணித்துறை நாவலை எடுத்தார்கள். ஓர் ஆற்றங்கரை. மக்களை அக்கரைக்குக் கொண்டுவிடும் படகோட்டி ஒருவன். அவனுக்கு இரண்டு பெண்கள். இளையவள் பாடுவாள். ஆற்றைக் கடக்கிறவர்கள் எல்லாம் அவள் பாட்டில் சொக்கிப்போவார்கள். எழுதியவரும் அவர்களோடு சேர்ந்து சொக்கிப்போயிருந்தார். அவள் கூந்தலுக்கு ஒரு பக்கம், கோபத்துக்கு ஒரு பக்கம், அவள் வாசலில் நின்றதற்கு ஒரு அத்தியாயம். மூத்தவள் என்று ஒருத்தி இருப்பது அவருக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். வந்தால் ஒரு வரி எழுதுவார்: 'மூத்தவள் விளக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்தாள்.' மறுபடி பல பக்கங்களுக்கு அவளைக் காணோம்.

பாடுகிறவளின் காதலன் திரும்பி வரும் அத்தியாயம், சொல்லவா வேண்டும், சின்னவளின் சாயங்காலத்தில் விழுந்தது. சின்னவள் அந்தப் பாட்டை மெட்டுப் போட்டுப் பாடியே காட்டிவிட்டாள். கதவிடுக்கில் பெரியவள் பார்த்தபோது மாமனார் மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் புத்தகத்தோடு உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "நேத்து சின்னவ படிச்சா பாரு, அந்தப் பொண்ணே எதிர்ல வந்து நின்னமாதிரி இருந்துச்சு. நீ வேணும்னா இன்னிக்கு ஓய்வெடுத்துக்கோயேன்ம்மா. சாயங்காலம் அவளே தொடர்ந்து படிச்சுடட்டும். அந்த ருசி விட்டுப்போயிடக் கூடாதில்ல."

பெரியவளின் காது மடல் சுட்டது. "இல்ல மாமா. நான் படிக்கறேன்" என்றாள்.

பக்கத்தைத் திறந்தாள். ஆற்றில் வெள்ளம் எப்படி ஏறும், எப்படி வடியும் என்று வளவளவென்று எழுதியிருந்தது. படித்தாள். அதன் கடைசியில் அந்த வரி வந்தது: 'மூத்தவள் விளக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்தாள்.' அதற்கு அடுத்த வரியில் தங்கை கண் விழித்துச் சோம்பல் முறிக்கத் தயாராக இருந்தாள்.

பெரியவள் நிறுத்தினாள். விரல் அந்த வரியிலேயே இருந்தது. கண் மட்டும் பக்கத்தைவிட்டு மேலே போயிற்று. வாய் பாட்டுக்குத் தொடர்ந்தது.

"துடைத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இறங்கிப் போய்ப் படகின் கயிற்றை அவிழ்த்தாள். தகப்பன் திண்டில் சாய்ந்திருந்தான். தங்கை தலை வாரிக்கொண்டிருந்தாள். ஆற்றின் நடுவுக்கு வந்ததும் மூத்தவள் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படகு தானாக மிதந்தது. முதலில் தகப்பன் கூப்பிட்டான், விளக்கை எங்கே வைத்தாய் என்று. பிறகு தங்கை கூப்பிட்டாள், சீப்பைக் காணோம் என்று. அக்கரையில் காத்திருந்தவர்கள் படகைப் பார்த்துவிட்டு அவர்களும் கூப்பிட்டார்கள். இரண்டு கரையிலும் ஒரே பெயரைக் கூவினார்கள். அது அவள் பெயர். அந்தத் துறையில் அவள் பெயரை அத்தனை பேர் சேர்ந்து சொல்லி அவள் கேட்டதில்லை. யாரையோ கூப்பிடுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும் என்று நினைத்தாள். வெயில் ஏறிய பிறகு துடுப்பை எடுத்தாள். கரைக்கு வந்ததும் எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அவரவருக்கு வேண்டியதைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தாள்."

சொல்லி முடித்தாள். திருட்டு மாங்காய் பறித்துவிட்டு மரத்தடியிலேயே மாட்டிக்கொண்டவள்போலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமனார் தலையைத் திருப்பினார். ஓரப் பார்வையால் அவள் இருந்த பக்கத்தைத் துழாவினார்.

"இன்னொரு தரம் படிம்மா" என்றார்.

செத்தேன் என்று நினைத்தாள் அவள். வேறு வழியில்லை. சொன்னதை நினைவிலிருந்து திரட்டி, விரலைப் பக்கத்தில் ஓட்டி, மறுபடி சொன்னாள்.

"முதல்ல படிச்சப்ப துடுப்பை மடியில வச்சுக்கிட்டான்னு வந்துதே? இப்ப அதைக் காணோம்?"

"ஒரு வரி தாண்டிட்டேன் மாமா."

"தாண்டாதே. அது முக்கியம்" என்றார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "எழுதினவன் மகா ஆளும்மா. ஆம்பளையாப் பொறந்துட்டு ஒரு பொண்ணு மனசுக்குள்ள இவ்வளவு தூரம் எப்படிப் போனான்!"

அன்று அவர் 'நேரமாச்சு, கிளம்பு' என்று சொல்லவே இல்லை. அவளுக்குப் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். ஒரு தடித்த மனிதரை எக்ஸ்ரே தகட்டுக்கு முன் நிறுத்தி, "மூச்சை இழுங்க, பிடிங்க" என்றவள், 'விடுங்க' என்பதை மறந்துவிட்டாள். அந்த மனிதர் முகம் செக்கச்சிவந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கையை ஆட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சின்னவள் சமையலறைக்கு வந்தாள். "அக்கா, காலையில நீங்க படிச்ச இடம் அவ்வளவு பிரமாதமாமே! மாமா வாய் ஓயாம அதையே சொல்றார். எந்தப் பக்கம் அக்கா? நானும் படிக்கணும்."

"அதான், வெள்ளம் வர்ற இடத்துக்குப் பக்கத்துல எங்கேயோ" என்று கடுகு டப்பாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சொன்னாள் பெரியவள்.

நல்லவேளையாகச் சின்னவளுக்கு அப்போது வேலை நெருக்கடி. தேடிப் பார்க்க நேரமில்லை. ஆனால் பெரியவளுக்கு இப்போது இன்னொரு எதிரி முளைத்தான். தினமும் காலையில் மாமனார் அந்த எழுத்தாளனைப் புகழ்ந்தார். அவன் கண்ணுக்குத் தப்பாதது எதுவுமில்லை என்றார். அவனோ மண்ணோடு மண்ணாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. செத்துப்போனவன்மேல் இப்படி வயிறெரிந்த மருமகள் வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்க மாட்டாள். அவள் செய்ததற்கு அவன் மாலை வாங்கிக்கொண்டு போகிறான்!

மறுபடி ஒன்றிரண்டு முறை அவள் முயன்றுபார்த்தாள். எதுவும் வரவில்லை. எரிந்த அன்று தானாக வந்தது, வேண்டுமென்று உட்கார்ந்தபோது உளறலாக வந்தது. விட்டுவிட்டாள்.

நாவல் முடிந்த அன்று மாமனாருக்குக் கோபம். பாடுகிறவளுக்குக் கல்யாணம் ஆகிறது, ஊரே கூடுகிறது, மூத்தவளைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அப்படி ஒரு ஆளைப் படகுல ஏத்தி விட்டுட்டு, அதுக்கப்புறம் அம்போன்னு விட்டுட்டானே! கட்டின பாலத்துக்கு இறங்க வழி வைக்காம போனமாதிரி இருக்கு" என்று சின்னவளிடம் ஒரு மணி நேரம் புலம்பினார். சுவருக்கு இந்தப்பக்கம் பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வருஷம் திரும்பியது. விடுமுறை நாள் ஒன்றில் மாமனாரோடு அந்தக் காலத்தில் பாலம் கட்டிய நண்பர் ஒருவர் வந்திருந்தார். வெள்ளைத் தாடிக்காரர். முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தாடிக்காரர், "பொழுது எப்படிப்பா போகுது உனக்கு?" என்று பாவமாகக் கேட்டதுதான் தாமதம், மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொழுதா? இந்த ஒரு வருஷத்துல நான் எத்தனை பேரோட வாழ்ந்திருக்கேன் தெரியுமா?"

பனி நாட்டில் தொடங்கினார். மூன்று பெயர்க்காரர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். இழுத்துக்கொண்டிருந்து செத்தவளுக்காக இப்போதும் மேல்துண்டை எடுத்தார். ஒரு கஞ்சன், ஒரு பொய்ச்சாட்சி, கடலில் காணாமல்போன ஒரு மகன் என்று வருஷம் முழுவதையும் கண்ணில்லாத மனிதர் கண்ணால் பார்த்தமாதிரி சொல்லிக்கொண்டு போனார். தாடிக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவளுக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது.

"ஆனா எல்லாத்துலயும் உச்சம்னு சொன்னா ஒரே ஒரு இடம்தான்" என்றார் மாமனார். "ஒரு பொண்ணு. வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் எடுத்துக் கொடுக்கறவ. ஒருநாள் படகை எடுத்துக்கிட்டு நடு ஆத்துக்குப் போய்ச் சும்மா உக்கார்றா. ரெண்டு கரையிலயும் அவ பேரைக் கூப்பிடறாங்க. இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்னு இருக்கா. அவ்வளவுதான்யா. இந்த வருஷம் பூரா கேட்டதுல அதுக்கு ஈடு இல்ல. என்னமா படிச்சா சின்னவ அதை! இன்னும் காதுல நிக்குது."

பெரியவள் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"நான் இல்ல மாமா, அது அக்கா படிச்சது" என்றாள் சின்னவள்.

"இல்லம்மா, உன் குரல்லதான் எனக்கு ஞாபகம். கூப்பிடட்டும்னு நீ இழுத்துச் சொன்னியே!"

"நிஜமா நான் படிக்கல மாமா."

"சரி, யாரோ. அந்தப் புத்தகத்தை எடு. இவன் கேக்கட்டும்."

சின்னவள் புத்தகத்தை எடுத்துவந்தாள். வெள்ளம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். விளக்கைத் துடைக்கிற வரி இருந்தது. அடுத்த வரியில் தங்கை சோம்பல் முறித்தாள். "காணோமே மாமா... அச்சுல விட்டுப்போச்சா?" என்று பெரியவளைப் பார்த்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். 'பக்கம் கிழிஞ்சிருக்கும்' என்று ஒரு வார்த்தை போதும். அதற்குமேல் யாரும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் 'உன் குரல்லதான் ஞாபகம்' என்ற சொல் அவள் நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் யோக்கியம் அவளைப் பேச வைக்கவில்லை. பொறாமைதான் பேச வைத்தது.

"அது புத்தகத்துல இல்ல" என்றாள். "நான் சொன்னது."

"என்ன சொன்ன?"

"நானே சொன்னேன் மாமா. அவன் எழுதல. அன்னிக்கு வாயில வந்தது. படிக்கறமாதிரி சொன்னேன்."

 தாடிக்காரர், "அட, பரவாயில்லையே!" என்று சிரிக்கப் பார்த்தார். மாமனார் முகத்தைப் பார்த்ததும் தாடியைத் தடவிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மாமனார் மெதுவாகக் கேட்டார்: "வேற எதெல்லாம் நீ சொன்னது?"

"வேற எதுவும் இல்ல மாமா. அது ஒண்ணுதான்."

"அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" அவர் குரல் உயரவில்லை. "ஒரு தூண்ல கலப்படம்னு தெரிஞ்சா மத்த தூணையும் தட்டிப் பார்க்கணும்மா. எனக்குத் தட்டிப் பார்க்கக் கண் இல்ல."

அவர் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே தன் அறைக்குப் போனார்.

அதன்பின் சில நாட்கள் அந்த வீட்டில் யாரும் எதுவும் படிக்கவில்லை. காலையில் பெரியவள் டீயை வைத்துவிட்டு வருவாள். அவர் "ம்" என்பார். கணவன்கூட விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாயங்காலம் சின்னவள் சமையலறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"என்கிட்டயும் கேட்டுட்டாரு அக்கா. 'நீயாவது எழுதினதைத்தானே படிச்சே'ன்னு. உங்களால என்மேலயும் சந்தேகம்."

"நான் வேணும்னா உனக்காகச் சொல்றேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே சொன்னது போதும்." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு வருஷம் அக்கா! ஆபீஸ்ல நாளெல்லாம் கத்திட்டு வந்து, பாட்டுப் பாடி, அழுது, இருமி, கிழவன் மாதிரி, குதிரை மாதிரி, எல்லாம் பண்ணினேன். கடைசியில அவருக்கு நெஞ்சுல நின்னது உங்க படகு. என் குரல் நல்லா இருக்காம். குரல்! அது கடவுள் குடுத்தது. நீங்க குடுத்ததை நான் எங்கே போய் எடுப்பேன்? எனக்கு வயிறு எரியுது, தெரியுமா உங்களுக்கு?"

பெரியவள் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. உள்ளே சில்லென்று ஒரு சுகம் பரவியது. ஒரு வருஷமாகத் தான் மட்டும் சுமந்த நெருப்பு எதிராளியிடம் எரிவதைப் பார்ப்பதில் அப்படி ஒரு குளிர்ச்சி. அது அடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு" என்றாள். "உனக்கு இப்பதான் எரியுது. எனக்கு நீ முதல்முதலா கீழே இறங்கி வந்த அன்னிக்கே பத்திக்கிச்சு."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்மேலயா? எதுக்கு?"

"எதுக்கா!" என்றாள் பெரியவள்.  இன்னொரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் என்று சொல்ல முடியாது. ஒருத்தியின் வியாதி இன்னொருத்திக்கும் இருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு சிறு ஆறுதல், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பெரியவள் டீயோடு போய், வைத்துவிட்டுத் திரும்பாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தப்புதான் மாமா" என்றாள். "உங்களை ஏமாத்தணும்னு பண்ணல. சின்னவமேல இருந்த எரிச்சல்ல வந்துடுச்சு."

"சின்னவமேலயா?" அவர் உண்மையிலேயே திகைத்தார். "அவ என்ன பண்ணினா?"

"அவ படிச்சா சிரிக்கறீங்க. அழறீங்க. கதையைப் பத்தி அவகிட்டப் பேசறீங்க. நான் படிச்சா 'நேரமாச்சு, கிளம்பு'ன்னு சொல்வீங்க. ஒருநாளாவது, இவன் பண்ணினது சரியா தப்பான்னு என்கிட்டக் கேட்டிருக்கீங்களா?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "உனக்கு பஸ்ஸு போயிடுமேன்னுதான்ம்மா சொல்வேன். ஈரத்தலையோட, அவசர அவசரமா எனக்காக உக்காந்திருக்கியே, எப்ப உன்னை விடுவோம்னே எனக்கு இருக்கும். கதை பாதி காதுல விழும், கடிகாரச் சத்தம் பாதி விழும். அவ வர்றப்ப எனக்கு அந்த உறுத்தல் இல்ல."

அது முழு உண்மையா, அவள் மனம் ஆற வேண்டும் என்பதற்காகச் சேர்த்துச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரும் படிக்கிறமாதிரி எதையாவது சொல்லக்கூடும். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

"அந்த நாவலை மறுபடி எடு" என்றார். "முதல்லேருந்து. எழுதினதை எழுதினபடி படி. ஒரு சொல் கூடக் கூடாது, குறையக் கூடாது. உனக்கு எங்கேயாவது எரிஞ்சா நிறுத்து. நிறுத்தி, 'மாமா, இது என்னோடது'ன்னு சொல்லிட்டு அப்புறம் சொல்லு. அவனோடது தனி, உன்னோடது தனி. ரெண்டையும் கேக்கறேன்."

"எரியலேன்னா?"

"எரியும். உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார். முன்னறைச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அப்போதுதான் சிரித்தார். "சாயங்காலம் சின்னவளுக்கு வேற புத்தகம். ஒரே புத்தகத்தை ரெண்டு பேருக்குப் பங்கு வச்சது என் தப்பு."

பெரியவள் புத்தகத்தை எடுத்துவந்தாள். முதல் பக்கத்தில் ஆறு, கரை, மூங்கில், தோணி. ஒழுங்காகப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் எழுத்தாளர் இரண்டு பெண்களையும் அறிமுகப்படுத்தினார். இளையவளை வர்ணித்து முடித்துவிட்டு, 'மூத்தவளைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை' என்று எழுதியிருந்தார். போன முறை இந்த வரி சின்னவளின் சாயங்காலத்தில் போயிருக்க வேண்டும். பெரியவள் இப்போதுதான் அதைப் பார்க்கிறாள்.

நிறுத்தினாள்.

"என்ன?" என்றார் மாமனார், காதைத் தீட்டிக்கொண்டு.

"இந்த ஆளுக்குச் சொல்ல அதிகமில்லையாம் மாமா."

"அப்படியா எழுதியிருக்கான்?"

"அப்படியே எழுதியிருக்கான்."

"உனக்கு?"

பெரியவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "இது என்னோடது" என்று தொடங்கினாள்.

மாடிப்படியின் வளைவில், எட்டு மணிக்கு முன்னால் எழுந்தே பழக்கமில்லாத சின்னவள், வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷும் கடைவாயில் நுரையுமாக, ஒரு சொல்லும் தவறிவிடாமல் கேட்பதற்காக மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் நல்ல காரியத்துக்காக நிற்பவள்போலத் தோன்றவில்லை.